வரவுக்கு 'பின்' நம்பர் எதற்கு? இணைய வங்கியில் ஏமாறாமல் இருக்க ஒரு தொடக்கப் பாடம்

கோட்டையூரில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஆச்சி ஒருவர் இருக்கிறார். பூட்டியே கிடந்த ஓர் அறையைத் திறந்து சுத்தம் செய்தபோது, பழைய எனாமல் தூக்குகளும் அடுக்குச் சட்டிகளும் கிடைத்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் சொன்ன விலை அவருக்குப் பிடிக்கவில்லை. பேத்தி படம் எடுத்து ஒரு விற்பனைத் தளத்தில் போட்டுவிட்டாள். அன்று மாலையே ஒருவர் அழைத்தார். நாலாயிரம் ரூபாய் என்றதும் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டார். "சோதனைக்கு முதலில் ஐந்து ரூபாய் அனுப்புகிறேன்" என்றார். ஐந்து ரூபாய் வந்தது. பிறகு ஒரு கியூ.ஆர். கட்டத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் 'பின்' நம்பரைப் போடுங்கள், நாலாயிரமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்றார். ஆச்சி போட்டார். கணக்கிலிருந்து நாலாயிரம் குறைந்தது. "தவறு நடந்துவிட்டது, இன்னொரு கட்டம் அனுப்புகிறேன், எட்டாயிரமாகத் திரும்ப வரும்" என்றார் அந்த ஆள். ஆச்சி அதற்கும் நம்பரைப் போட்டார். பன்னிரண்டாயிரம் போய்விட்டது.

மறுநாள் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பணம் வருவதற்குத்தானே தம்பி நம்பர் போட்டேன்?"

முப்பது ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டரில் இருந்தவன் நான். இந்தக் கேள்விக்கு யாரும் அவருக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைக்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கைபேசியில் பணம் அனுப்பவும் வாங்கவும் இப்போதுதான் பழகுகிறவர்கள், குறிப்பாகப் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஐயாக்களும் ஆச்சிகளும், இதைப் படிக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டினாலும் நல்லது.

வரவும் பற்றும்

பேரேடும் ஐந்தொகையும் பேச்சிலேயே கலந்திருக்கும் செட்டிநாட்டு ஊர்கள் இவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தியவர்களின் பேரன் பேத்திகள் வாழும் தெருக்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் வரவு எது, பற்று எது என்று யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழைய அறிவு இருந்தாலே இணைய வங்கியின் பாதிப் பாதுகாப்பு கைக்கு வந்துவிடும்.

காசோலையில் கையெழுத்துப் போடுபவர் யார்? பணம் கொடுப்பவர். நம் கணக்கில் ஒருவர் பணம் கட்ட வேண்டுமென்றால் நம் கையெழுத்தைக் கேட்பாரா? கணக்கு எண் இருந்தால் போதும், கட்டிவிட்டுப் போய்விடுவார். கைபேசியிலும் அதே வழக்கம்தான். பின் நம்பர் என்பது உங்கள் கையெழுத்து. கைபேசி வழியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலியில் நாலு அல்லது ஆறு இலக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் அந்த ரகசிய எண், பணம் அனுப்பவும், இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும், மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கவும் பயன்படுகிறது. பணம் வாங்க அதற்கு வேலையே இல்லை. கியூ.ஆர். கட்டமும் அப்படித்தான். நாம் அதை ஸ்கேன் செய்தால் நாம்தான் கொடுக்கிறோம் என்று பொருள். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் எதிராளிதான் நம்முடைய கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். மளிகைக் கடையில் மாட்டியிருக்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடைக்காரருடையது, ஸ்கேன் செய்வது நாம், பணம் போவது கடைக்காரருக்கு.

வரவுக்குக் கையெழுத்து வேண்டாம், பற்றுக்குத்தான் வேண்டும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால், "பணம் வர நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போதே அவர் யார் என்பது தெரிந்துவிடும். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் தேன்குழலும் மனகோலமும் செய்து விற்கும் பெண்களிடம் பத்துக் கிலோ ஆர்டர் கொடுப்பவரும் இதைத்தான் கேட்பார். கண்டாங்கிச் சேலை வாங்க வருகிறவரும், பழைய வீட்டில் தங்க அறை பதிவு செய்கிறவரும், "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று போலியான குறுஞ்செய்தியைக் காட்டுகிறவரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த இடத்தில்தான். பணம் வந்ததா என்பதைக் குறுஞ்செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள்.

முன்பெல்லாம் முகம் தெரியாத ஒருவர் நம் செயலிக்கே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்ப முடியும். நாம் வரவு என்று நினைத்து ஒப்புதல் கொடுத்தால் பணம் போய்விடும். அதில் நடந்த மோசடிகள் அதிகமானதால், தனிநபர் தனிநபரிடம் அப்படிக் கேட்கும் வசதியை யு.பி.ஐ.யை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் கியூ.ஆர். வழி திறந்துதான் இருக்கிறது. அதை அடைக்கவும் முடியாது, கடைவீதி முழுக்க அதில்தான் ஓடுகிறது.

ஓ.டி.பி. என்றால் என்ன?

பழைய நாளில் உண்டியல் என்னும், பணம் கொடுக்கச் சொல்லும் தாளை எழுதி ஒரு கடையிலிருந்து இன்னொரு ஊர்க் கடைக்குப் பணம் மாற்றுவார்கள். உண்டியலைக் கொண்டுவருகிறவர் கையில் தாள் இருக்கும். எழுதியவர் தனியாக, வேறு வழியில், பணம் தர வேண்டிய கடைக்கு ஒரு கடிதமும் அனுப்பிவைப்பது வழக்கம். இவ்வளவு தொகைக்கு, இன்னார் பெயருக்கு உண்டியல் எழுதியிருக்கிறேன் என்று அதில் இருக்கும். தாளை வழியில் எவனாவது திருடினாலும், திருத்தினாலும், கடிதத்தோடு ஒத்துப்பார்க்கும்போது அகப்பட்டுவிடுவான். இரண்டும் இரண்டு பாதையில் வருவதுதான் அதன் பலம்.

ஒரே ஒரு முறை மட்டும் செல்லும் ரகசிய எண்ணான ஓ.டி.பி.யும் அதே யோசனைதான். கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ ஒருவன் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பாதை. வங்கி உடனே பணத்தைக் கொடுத்துவிடாமல், உங்கள் கைபேசிக்கு, இன்னொரு பாதையில், ஓர் எண்ணை அனுப்புகிறது. "இந்தக் கைபேசியை வைத்திருப்பவர்தான் கேட்கிறாரா?" என்று வங்கி கேட்பதாக அதற்குப் பொருள். அந்த எண்ணை நீங்கள் வாய்விட்டுச் சொன்ன நொடியில் இரண்டு பாதையும் திருடன் கையில் ஒன்றாகிவிடுகிறது. எவ்வளவு பெரிய வங்கியாக இருந்தாலும் அதற்கு மேல் அதனால் தடுக்க முடியாது. வங்கியைப் பொறுத்தவரை நீங்களே சம்மதம் சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் குறுஞ்செய்தியில் எண் மட்டும் இருக்காது. எவ்வளவு ரூபாய், யாருக்கு என்பதும் பெரும்பாலும் எழுதியிருக்கும். "உங்கள் அட்டையைப் புதுப்பிக்க" என்று எதிர்முனையில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், செய்தியில் 49,999 ரூபாய் என்று இருக்கும். கொடுமை என்னவென்றால், இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் எழுதிய கணக்கேட்டை அடித்தல் திருத்தல் கண்டுபிடித்துப் படிக்கிற ஆச்சிகளுக்கு இது படிக்க முடியாத தாளாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் கிளை நடத்தும் எல்லா வங்கிகளும் இதைத் தமிழில் அனுப்ப வேண்டும் என்று பணியில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். சில வங்கிச் செயலிகளில் மொழியை மாற்றும் வசதி இருக்கிறது. கிளையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை, செய்தியில் உள்ள இலக்கங்களையாவது பாருங்கள். தமிழில் எழுதும்போதும் நாம் இன்று போடுவது அதே இலக்கங்கள்தான்.

கணக்கு எண், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றைப் பணம் அனுப்ப இருப்பவருக்குச் சொல்லலாம். அவை வீட்டு முகவரி போல. பின் நம்பர், ஓ.டி.பி., கடவுச்சொல், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்க எண் ஆகிய நாலையும் எவரிடமும் சொல்லக் கூடாது. வங்கி மேலாளரே கேட்டாலும் கூடாது. நான் பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு வாடிக்கையாளரின் பின் நம்பர் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகள், ஊரில் இருக்கும் தாய் தந்தையின் கணக்கைத் தாங்களே அங்கிருந்து இயக்குகிறார்கள். மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, குடும்பக் கணக்கில் கோவிலுக்குக் கட்டும் புள்ளி வரி எல்லாம் அப்படித்தான் கட்டப்படுகின்றன. மாதா மாதம் அழைத்து, "ஆத்தா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்கிறார்கள். ஆத்தாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டுகிறார்.

அன்போடுதான் செய்கிறார்கள், ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய தாய்க்கு, தொலைபேசியில் கேட்டால் நம்பரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் மனத்தில் படிந்திருக்கும். மூன்றாம் ஆண்டு வேறொருவன் கேட்கும்போது அவர் தயங்கமாட்டார். ஓய்வூதியக்காரர்கள் பலர் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும் நவம்பர் மாதத்தில் இந்த அழைப்புகள் அதிகமாகும். "சான்று பதிவாகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும், நம்பரைச் சொல்லுங்கள்" என்பார்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன. இருவரில் எவரும் இயக்கலாம் என்ற விதியில் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொண்டு, பிள்ளை தனக்கென்று தனி நுழைவுப் பெயரும் தன் எண்ணுக்கே ஓ.டி.பி.யும் வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்குக் கூட்டுக் கணக்கில் தனி விதிகள் உண்டு, கிளையில் கேட்டுச் செய்யுங்கள். மின்கட்டணம் போன்றவற்றைப் பிள்ளைகள் தங்கள் கணக்கிலிருந்தே கட்டிவிடலாம். 2024இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதியில், நம் கணக்கிலிருந்து வீட்டார் ஒருவர் ஒரு வரம்புக்குள் செலவு செய்ய அனுமதி கொடுக்க முடிகிறது. எதைச் செய்தாலும் சரி, தாயை ஓ.டி.பி. படிக்கச் சொல்லும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

விலாசம் எழுதியிருந்தால் போதுமா?

இந்த ஊர்களின் வணிகர்களான நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் வீட்டு முகவரி மட்டுமன்று. பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளின் வரிசை அது, அந்தக் கடையின் நாணயத்துக்கு அடையாளம். அந்த எழுத்துகளை எந்தத் தாளிலும் எவனும் எழுதிவிட முடியும் என்பதும் அந்தக் காலத்தில் கடையை நடத்திய மேலாளுக்குத் தெரியும். அதனால் எழுத்தைப் பார்த்து நம்பமாட்டார், கை எழுதிய விதத்தையும் வந்த வழியையும் பார்ப்பார்.

கைபேசியில் வங்கியின் பெயரும் சின்னமும் தெரிவதும் அப்படித்தான். படத்தை எவரும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே வந்த வழியைப் பாருங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு அனுப்புநராகப் பத்து இலக்க எண் இருக்காது, எழுத்துகளால் ஆன ஒரு பெயர் இருக்கும். அதன் முடிவில் ஒரு கோட்டுக்குப் பிறகு ஓர் ஆங்கில எழுத்தும் வருகிறது. டி என்றால் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம், ஜி என்றால் அரசு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்று வந்தால் அழித்துவிடலாம். வங்கிகள் வாடிக்கையாளரை அழைப்பதற்கென்றே 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

இணையதளத்துக்கும் இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளங்களை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. வங்கி அல்லாத எவருக்கும் இந்த முகவரி கிடைக்காது. தள முகவரியில் (https:// போக) முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கப் பழகுங்கள். கடித உறையில் கடைசி வரியில் ஊரும் மாவட்டமும் இருப்பது போல, இணைய முகவரியின் அந்தப் பகுதியில் உண்மையான ஊர் கடைசியில்தான் இருக்கிறது. முன்னால் உங்கள் வங்கியின் பெயரை எழுதி, முடிவில் வேறு எதையோ வைத்திருந்தால் அது வேறு ஊர். பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். எதிரில் இருப்பவன் நல்லவனா என்பதைப் பூட்டு சொல்லாது. திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைப்பது பெரிய ஆபத்து. முதலில் தெரியும் எண்ணை மோசடிக்காரர்களே போட்டு வைத்திருக்கலாம். பற்று அட்டையின் பின்புறத்திலும் கணக்குப் புத்தகத்திலும் எண் அச்சிட்டிருக்கிறது, அதை அழையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையாக வரும் திருடன்

தை பிறந்தால் கைபேசி முழுக்கப் பத்திரிகைகள்தான். படமாகவோ, பி.டி.எஃப். கோப்பாகவோ வந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஏ.பி.கே. என்று முடியும் கோப்பாக வந்தால் தொடவே தொடாதீர்கள். அது ஒரு செயலி. நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும், ஓ.டி.பி.யைத் தானே எடுத்து அனுப்பிவிடும். நீங்கள் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கமாட்டீர்கள், ஆனாலும் பணம் போயிருக்கும். போக்குவரத்து அபராதம், மின்வாரிய நிலுவை, விவசாயிகள் உதவித்தொகை என்ற பெயர்களிலும் இதே கோப்பு சுற்றுகிறது. உறவினர் எண்ணிலிருந்தே வந்திருக்கலாம். அவர் கைபேசி முதலில் பிடிபட்டு, அங்கிருந்து உங்களுக்கு வந்திருக்கும். "அண்ணன், நீங்களா அனுப்பினீர்கள்?" என்று ஒரு வார்த்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

உதவி செய்வதாகச் சொல்லித் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலும் இதே கதைதான். நீங்கள் தட்டுவதெல்லாம் அங்கே தெரியும்.

நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிம் திடீரென்று செத்துப்போய், மணிக்கணக்கில் உயிர் வராவிட்டால் அலட்சியம் வேண்டாம். உங்கள் பெயரில் வேறொருவன் மாற்று சிம் வாங்கியிருக்கக்கூடும், ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குப் போகும். வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். வெளிநாடு போகிறவர்கள் ஊர் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். போவதற்கு முன் வங்கியில் எண்ணை மாற்றிவிட்டுப் போங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதியும் பேரன் பெயரும் வேண்டாம். நீளமாக, உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும் நாலைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். நினைவில் நிற்காவிட்டால் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதைக் கூட ஒப்புக்கொள்வேன், கைபேசியிலேயே படம் எடுத்து வைப்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சட்டைப்பையில் எரிந்துகொண்டிருந்த கைபேசி

பணியின் கடைசி ஆண்டில் ஒரு நாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிளைக்கு வந்து, ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முறித்து, வட மாநிலம் ஒன்றில் உள்ள கணக்குக்கு உடனே அனுப்ப வேண்டும் என்றார். எப்போதும் நின்று நலம் விசாரிப்பவர் அன்று கண்ணைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் கைபேசியின் திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. சலானின் பின்பக்கத்தில், "பேச வேண்டாம் ஐயா. யாராவது மிரட்டுகிறார்களா? தலையை மட்டும் அசையுங்கள்" என்று எழுதித் தள்ளினேன். படித்தார். மெதுவாகத் தலை அசைந்தது. கைபேசியை வாங்கி அணைத்தோம். அப்போதுதான் அவர் அழுதார்.

அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, காவல் உடை போட்ட ஒருவன் வீடியோ அழைப்பில் இரண்டு நாள் அவரை அறையை விட்டு நகரவிடாமல் வைத்திருக்கிறான். "டிஜிட்டல் கைது" என்றானாம். மனைவியிடம் கூடச் சொல்லக் கூடாது என்றானாம். பணத்தை "சரிபார்ப்புக்காக" ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றானாம்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். எந்தக் காவல் அதிகாரியும் வீடியோவில் கைது செய்யமாட்டார், எந்த விசாரணைக்கும் உங்கள் சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லமாட்டார்கள். உள்ளூரத் தெரிந்தவர்களே ஏன் விழுகிறார்கள் என்று கேட்டால், தனிமைதான் என்பேன். பத்து வீடு தள்ளித்தான் இன்னொரு விளக்கு எரிகிறது, நடுவில் இருப்பதெல்லாம் பூட்டிய முகப்புகள். அந்த அமைதியில் ஒரு குரல் இரண்டு நாள் மிரட்டிக்கொண்டே இருந்தால் எவருக்கும் மனம் கலங்கும். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்தச் சொல்லே போதும், உடனே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். எதிர் வீட்டுக்காரர், பால்காரர், கோவில் குருக்கள், யாராக இருந்தாலும் சரி.

பேரன் குரலிலேயே பேசிப் பணம் கேட்கும் மோசடியும் இப்போது நடக்கிறது, குரலைக் கணினி நகல் எடுத்துவிடுகிறது. அதற்கு வீட்டுக்குள் ஒரு கேள்வியை முடிவு செய்து வையுங்கள். "வளவில் எந்தத் தூணில் விரிசல் இருக்கிறது?" என்பது போல ஒன்று. பதில் சொல்லத் தெரியாதவன் பேரன் இல்லை.

இழப்பைச் சிறிதாக்கி வைப்பது

முழுப் பணமும் இருக்கும் கணக்கில் யு.பி.ஐ.யை இணைக்காதீர்கள். தனியாகச் சிறு கணக்கு ஒன்றைத் திறந்து, மாதச் செலவுக்கு உரியதை மட்டும் அதில் வைத்து, அதைக் கைபேசியோடு இணையுங்கள். சந்தைக்குப் போகும்போது இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே அணைத்து வைக்கும் வசதியை 2020 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தந்தாக வேண்டும். பயன்படுத்தாததை அணைத்துவிடுங்கள். வைப்புத்தொகையும் இணையத்தில் முறிக்கக்கூடியது என்பதை மறக்காதீர்கள். இணைய வங்கி தேவையே இல்லாதவர்கள் அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "உன் கணக்கை இரண்டு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று எவராவது கேட்டால், திருட்டுப் பணம் கடந்து போகும் வழியாக உங்கள் கணக்கைக் கேட்கிறார்கள் என்று பொருள். கணக்கு முடங்கும், வழக்கில் உங்கள் பெயர் வரும்.

பணம் போய்விட்டால்

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற அரசு உதவி எண்ணை உடனே அழையுங்கள். அழுவதையும் ஆராய்வதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்காது. ஒன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து இருபது என்று பிரிந்து, கடைசியில் ரொக்கமாக வெளியேறும். 1930இல் பதிவானதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போய், பணம் இன்னும் உள்ளே இருந்தால் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதனால் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். கூடவே வங்கியின் எண்ணை அழைத்து அட்டையையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள், நேரத்தையும் சேர்த்து. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காதீர்கள், வெட்கத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். மாவட்டத்தில் சைபர் குற்றக் காவல் பிரிவு இருக்கிறது.

யார் பொறுப்பு என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த விதிகள் இவை. தவறு வங்கியுடையது என்றால் இழப்பு முழுவதும் வங்கியைச் சேரும். வங்கியும் தவறவில்லை, நீங்களும் தவறவில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் வந்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பில்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போனது உங்களுடையது, சொன்ன பிறகு போனால் வங்கியுடையது. தவறு நம்மேல் என்று நினைத்து வாய்மூடி இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

கோட்டையூர் ஆச்சியும் அன்று இரவு முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்குத்தான் என்னிடம் வந்தார். அங்கேயே 1930க்கு அழைத்தோம். பன்னிரண்டாயிரத்தில் முதலில் போன நாலாயிரம் அதற்குள் ரொக்கமாகிவிட்டிருந்தது. எட்டாயிரம் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதைத் திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவும் மனுக்களுமாகச் சில மாதங்கள் அலைந்தோம். வந்துசேர்ந்தது.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.